நூலகக் கட்டணம் நம் பெயரில், சாவி யார் கையில்?

உங்கள் நர்சிங் கல்லூரியின் கட்டண ரசீதை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். டியூஷன், லேப், சீருடை, பேருந்து என்று போகும் பட்டியலில் 'லைப்ரரி' என்றும் ஒரு வரி இருக்கும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளிலும், அரசு ஏற்றுக்கொள்ளும் கட்டாயக் கட்டணங்களில் ஒன்றாக நூலகக் கட்டணம் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டு வந்திருக்கிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுப் பிள்ளையின் பெயரில் பணம் போகிறது. அந்தப் பணத்துக்கு அவளுக்குக் கிடைப்பது என்ன என்று கேட்கத்தான் ஆளில்லை.

களப்பணியில் நாங்கள் போய்வந்த நர்சிங் கல்லூரிகளின் நூலகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. கண்ணாடி போட்ட பீரோ, பீரோவுக்குப் பூட்டு, சுவரில் சரஸ்வதி படம், மூலையில் இரண்டு கணினி. கணினிக்கு இணைய இணைப்பு இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது மட்டும் வேலை செய்யும். மாணவிகள் காலையில் மருத்துவமனை போஸ்டிங்குக்குப் போய்விட்டு மாலை நான்கரைக்குத் திரும்பினால் நூலகம் நான்கு மணிக்கே மூடியிருக்கும். ஹாஸ்டலில் கைபேசியையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். பிறகு எங்கே தேடுவது, எதைப் படிப்பது?

அம்பேத்கர் கொலம்பியாவில் எத்தனை மணிநேரம் நூலகத்தில் உட்கார்ந்தார், ராஜகிருகத்தில் எவ்வளவு புத்தகம் சேர்த்தார் என்று ஏப்ரல் 14 மேடைகளில் உருகிப் பேசுகிறார்கள். அதே ஊரில் நம் பெண்கள் படிக்கும் கல்லூரியின் நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்பது அந்த மேடைக்கு வருவதில்லை. இடஒதுக்கீட்டில் சேர்ந்தாயிற்று, உதவித்தொகை வந்தாயிற்று, அத்தோடு வேலை முடிந்தது என்ற மனநிலை அது. சேர்ந்த பிறகு வகுப்பறைக்குள் நடக்கும் ஒதுக்கல் கண்ணுக்குத் தெரியாததால் அது அரசியல் ஆகாமலே போகிறது.

'ஊசி போடப் படிக்கிற பிள்ளைக்கு ஜர்னல் எதற்கு?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர்களில் கல்லூரி நடத்துபவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்குள் ஒரு சாதிக் கணக்கு ஒளிந்திருக்கிறது. இரத்தம், சீழ், மலம், பிரசவத் தீட்டு இவற்றைத் தொடும் வேலை என்பதால்தான் இந்நாட்டில் ஆதிக்க சாதிக் குடும்பங்கள் நெடுங்காலம் தங்கள் பெண்களை நர்சிங்குக்கு அனுப்பவில்லை. மிஷன் மருத்துவமனைகளே முதலில் கதவைத் திறந்தன. 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. பட்டம் வந்து இத்தனை காலமாகியும், நர்ஸ் என்றால் கை, டாக்டர் என்றால் மூளை என்ற பிரிவினை வார்டில் அப்படியே நிற்கிறது. அது நமக்குத் தெரிந்த பிரிவினைதான்.

இதை உடைக்க ஒரு கருவி உண்டென்றால், 'இதற்கு ஆதாரம் என்ன?' என்று கேட்கத் தெரிவதுதான். ஓர் உதாரணம் சொல்கிறோம். பிரசவ வார்டில் சேரும் பெண்ணுக்கு முதல் வேலையாக எனிமா கொடுப்பதும் மறைவிடத்து முடியை மழிப்பதும் பல இடங்களில் பழக்கம். ஏழைப் பெண்கள் அதை எவ்வளவு கூசிப்போய்ச் சகித்துக்கொள்கிறார்கள் என்பது அங்கே போஸ்டிங் பார்த்த எந்த மாணவிக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளில் வழக்கமாக மழிப்பது வேண்டாம் என்று தெளிவாக இருக்கிறது. பிரசவத்தை முடுக்கும் தேவையைக் குறைப்பதற்காக எனிமா கொடுப்பதும் வேண்டாம் என்றிருக்கிறது. இரண்டைப் பற்றியும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகள் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டு மாணவி வார்டு சிஸ்டரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் ஆசிரியரிடம் கேட்கலாம், கேர் பிளானில் எழுதலாம், ஆண்டு பிராஜெக்டுக்குத் தலைப்பாக எடுக்கலாம். 'மேடம் சொன்னாங்க' என்பதற்கு அப்பால் நிற்க ஓர் இடம் கிடைக்கிறது.

ஆங்கிலம் வராதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேடுபெட்டிக்கு இலக்கணம் தேவையில்லை. அது கேட்பது நான்கைந்து சொற்களை. கான்வென்ட் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கேள்வியை அடிப்பவளைவிட, சரியான நான்கு சொற்களைப் பிடித்தவளுக்கே நல்ல கட்டுரைகள் அகப்படும். எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் தமிழ்வழிப் பிள்ளைகளிடம் நாங்கள் இதை நேரில் பார்க்கிறோம்.

அந்தச் சொற்களை எப்படிப் பிடிப்பது? வார்டில் நாம் 'பெட் சோர்' என்கிறோம். ஆய்வுக் கட்டுரைகளில் அதற்கு 'பிரஷர் அல்சர்' என்று பெயர். 2016-இல் அமெரிக்க நிபுணர் குழு 'பிரஷர் இஞ்சுரி' என்று மாற்றியது. பழைய கட்டுரைகளில் 'டெக்யூபிட்டஸ்' என்று இருக்கும். ஒரே புண்ணுக்கு நான்கு பெயர். ஒரு பெயரை மட்டும் அடித்தால் மற்றவை நழுவக்கூடும். ஆகவே நான்கையும் 'ஆர்' என்ற சொல்லால் கோத்து அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பிறகு 'ஆண்ட்' போட்டு, நாம் பார்க்க விரும்பும் செயலைச் சேர்க்க வேண்டும், உதாரணமாக நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது. 'ஆர்' வலையை விரிக்கும், 'ஆண்ட்' வலையைச் சுருக்கும். ஆங்கிலத்தில் நர்ஸ் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்தையும் ஒரு நட்சத்திரக் குறியையும் அடித்தால் நர்ஸ், நர்சஸ், நர்சிங் மூன்றும் வந்துவிடும். வகுப்பில் 'பிகோ' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே, நோயாளி யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன பலன் பார்க்கிறோம் என்று, அது ஐந்து மதிப்பெண் கேள்வி மட்டும் அல்ல. தேடுவதற்கு முன் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளும் முறம் அது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பாதாளச் சாக்கடையில் இறங்கும் தொழிலாளர்களுக்கு என்னென்ன நோய் வருகிறது என்று ஒரு மாணவி தேடுகிறாள் என்று வையுங்கள். 'மேனுவல் ஸ்கேவெஞ்சிங்' என்று மட்டும் அடித்தால், அந்தப் பெயரில் எழுதப்பட்ட இந்தியக் கட்டுரைகள்தான் வரும். உலகம் முழுக்க இதே வேலை செய்பவர்களை 'சூவேஜ் வொர்க்கர்ஸ்' என்றும் 'சானிட்டேஷன் வொர்க்கர்ஸ்' என்றும் எழுதுகிறார்கள். அந்தச் சொற்களோடு ஹெப்படைடிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் என்று சேர்த்தால் வேறொரு குவியல் திறக்கும். அந்தக் குவியலில் சாதி என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. இந்தியாவிலிருந்து எழுதும் பலரும் 'சோஷியல் குரூப்' என்று பூசி மெழுகிவிடுவார்கள். அதனால் 'தலித்', 'ஷெட்யூல்டு காஸ்ட்', 'காஸ்ட்', 'அன்டச்சபிலிட்டி' என்று எல்லாவற்றையும் கோத்துத்தான் தேட வேண்டும். ஒரு வன்முறைக்கு எத்தனை பெயர் வைத்து மறைக்கிறார்கள் என்பதை எம்.ஏ. சமூகவியல் வகுப்பைவிட இந்தத் தேடுபெட்டி கறாராகக் காட்டிக்கொடுத்தது என்பது எங்கள் அனுபவம்.

எங்கே தேடுவது என்பது இரண்டாவது. பப்மெட் 1996-இல் தொடங்கியது, கட்டணம் இல்லை, 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' என்ற பெட்டியில் டிக் போட்டால் முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைப்பவை மட்டும் வரும். காக்ரேன் தொகுப்புகளின் சுருக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எளிய நடைச் சுருக்கங்கள் சில தமிழிலும் இருக்கின்றன. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளை முழுதாகவே இறக்கிக்கொள்ளலாம். அவற்றைக் காப்பியடிக்காதீர்கள், கடைசிப் பக்கங்களில் உள்ள நூற்பட்டியலைப் பயன்படுத்துங்கள். பல கல்லூரி வாசல்களில் ஜெராக்ஸ் கடையை ஒட்டி பிராஜெக்ட் செய்து விற்கும் தொழில் நடக்கிறது. கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் பல நாள் சம்பளம் அங்கே போகிறது. தேடக் கற்றுக்கொடுக்காத கல்லூரிதான் அந்தக் கடைக்கு முதலீடு.

நர்சிங்குக்கென்றே உள்ள 'சினால்' போன்ற தரவுத்தளங்கள் சந்தா கட்டினால்தான் திறக்கும். இங்கேதான் அரசை நோக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அறிவிக்கப்பட்டது அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கு. தமிழ்நாட்டில் நர்சிங் இடங்களில் பெரும்பகுதி தனியார் கல்லூரிகளில் இருக்கிறது. உதவித்தொகையை நம்பி அங்கே சேரும் தலித் மாணவி, 'ஒரே நாடு' என்ற அந்தக் கணக்கில் எந்த நாட்டுக்காரி? தனியார் முதலாளிக்கு அரசு ஏன் சந்தா கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதலாளிக்குக் கட்ட வேண்டாம். உதவித்தொகை பெறும் மாணவிக்குத் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுங்கள் என்கிறோம். அவள் வகை பார்த்துப் பணம் ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

அது வரும் வரை உள்ளூரில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. நர்சிங் கல்லூரிக்கு நூலகமும் நூலகரும் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நிபந்தனை. இணைப்பு தருவதற்கு முன் பல்கலைக்கழகம் நேரில் வந்து பார்க்கிறது. தனியார் கல்லூரி தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வராது என்று கைவிரிக்கலாம், பல்கலைக்கழகம் அப்படிச் சொல்ல முடியாது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: எங்கள் கல்லூரியில் கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கையில் நூலகம் பற்றிய பக்கங்களின் நகல் வேண்டும், காட்டப்பட்ட நூல்கள் எத்தனை, ஜர்னல்கள் எவை, நூலகரின் தகுதி என்ன, நூலகம் திறந்திருக்கும் நேரமாகக் குறிப்பிடப்பட்டது எது. படிக்கும் மாணவி தன் பெயரில் போட வேண்டாம், இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்த அறிக்கையில் மாலை ஆறு வரை திறந்திருப்பதாக எழுதியிருந்தால், அதை எடுத்துக்கொண்டு பத்து பேராக நான்கரை மணிக்குக் கல்லூரிக்குப் போங்கள்.