முதலில் தமிழ், பிறகு தடித்த எழுத்து

இணையப் பக்கத்திலேயே எழுதி, அங்கேயே தடிப்பாக்கி, இணைப்பும் கொடுக்கிற எடிட்டரைச் சேர்ப்பது இப்ப பெரிய வேலையில்லை. 2000இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 கொண்டுவந்த 'கன்டென்ட்எடிட்டபிள்' என்ற பண்புதான் அடித்தளம். சிகேஎடிட்டர், டைனிஎம்சிஇ, குயில் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

எங்களுக்குச் சிக்கல் தொடங்குவது, ஒருவர் பாமினியில் தட்டிய கட்டுரையைக் கொண்டுவந்து ஒட்டும்போதுதான். பாமினியில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எடிட்டர் அந்த எழுத்துருவைக் கழற்றிவிட்டால் கட்டுரை முழுக்க அர்த்தமில்லாத குப்பையாகிவிடும்.

'யூனிகோடில அடிச்சுத் தாங்கோ' என்று சொல்வது லேசு. ஆனால் கனகாலமாக எழுதுகிற எங்கட மூத்தவர்கள் பலருக்குக் கைவந்தது பாமினிதான். பழைய சஞ்சிகைக் கோப்புகளும் அப்படித்தான். அவர்களை வாசலில் நிற்பாட்டிவிட்டு யாருக்காக இந்த எடிட்டர்?

பாமினியை யூனிகோடாக்குகிற மாற்றிகள் இலவசமாகவே கிடைக்குது. வேர்டிலிருந்து ஒட்டும்போது எழுத்துருவின் பெயரும் கூடவே வரும். அதைக் கழற்றுமுன் ஒருக்காப் பார்த்து, பாமினி என்றால் மாற்றிவிடலாம். பெயர் வராத நேரத்துக்கு ஒரு பட்டன் வைத்தால் போதும்.

எடிட்டர் சேர்க்கிற நண்பர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: சாய்வெழுத்துப் பட்டன் பிறகு வரட்டும், முதல்ல இதைச் செய்யுங்கோ.