வாழைக்குலையும் பனிமலைக் கதிரையும்

சென் ஜேம்ஸ் ரவுணில் வளர்ந்தவைக்கு லிஃப்ற் பற்றி ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1960களில் எழும்பின அந்த அடுக்குமாடிகளில், சாமான் பைகளோடு கீழே நின்று, லிஃப்ற் எந்த மாடியில் நிக்குது என்று அண்ணாந்து பார்த்தே எங்கட பாதிப் பிள்ளைப்பருவம் போனது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஸ்கீ சுற்றுலாப் படிவம் தந்தால் மட்டும் அது கையெழுத்தில்லாமல் திரும்பிப் போகும். காசு ஒரு காரணம். மற்றது, "விழுந்து காலை முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பாக்கிறது?"

இப்ப படிவம் எங்கட கையில். மகள் கேட்டாள்: "அம்மா, அந்தக் கதிரை நிக்காதாமே, எப்பிடி ஏறுறது?"

சரியான கேள்வி. பழகுபவர்களுக்கான மலைகளில் பெரும்பாலும் கதிரைகளைக் கம்பிவடத்தில் இறுக்கிப் பூட்டியிருப்பார்கள். அடியிலும் உச்சியிலும் இரண்டு பெரிய சில்லுகள். ஒன்றை மோட்டர் சுற்றும். இரண்டையும் சுற்றி ஓடுவது ஒரே உருக்கு வடம். இடையில் தூண்களிலுள்ள சின்னச் சில்லுகள் அதைத் தாங்கும். கதிரை வடத்தை விட்டுக் கழராததால் ஏறுமிடத்திலும் அதே வேகம்தான், விநாடிக்கு ஏறக்குறைய 2 மீற்றர். பிள்ளை தடுமாறினால் பக்கத்தில் நிற்கும் பணியாளர் வேகத்தைக் குறைப்பார், இல்லையென்றால் நிறுத்துவார். பெரிய மலைகளில் 5 மீற்றர் வேகத்தில் பறக்கிற கதிரைகள், நிலையத்துக்குள் வந்ததும் வடத்திலிருந்து கழன்று ஆறுதலாக நகரும். பார்க்கப் பயமான லிஃப்ற்தான் ஏற லேசு!

இந்தக் கதிரையின் பூர்வீகம் பனியே இல்லாத இடம். 1936இல் அமெரிக்காவின் ஐடஹோவில், சன் வலி பனிச்சறுக்கு மையத்தை யூனியன் பசிபிக் ரயில் கொம்பனி கட்டினது. அதன் பொறியியலாளர் ஜேம்ஸ் கரன், வாழைக்குலைகளைக் கொளுக்கியில் தொங்கவிட்டுக் கப்பலில் ஏற்றுகிற கம்பிவட முறையை அறிந்தவர். கொளுக்கி இருந்த இடத்தில் கதிரையை மாட்டினார். மகள் கேட்ட கேள்வி அவருக்கும் வந்தது. ஒமாஹாவில் அப்ப கோடைகாலம். வாகனத்தில் கதிரையைக் கட்டி, ஆட்களை வைக்கோலிலும் ரோலர் ஸ்கேற்றிலும் நிறுத்தி, எந்த வேகத்தில் இடிபடாமல் இருக்கலாம் என்று பார்த்தார்கள். முதல் லிஃப்ற்களில் ஒன்று ஓடிய டொலர் மலை இன்றும் பழகுபவர்களின் மலைதான். கனடாவுக்கு, கியூபெக்கின் மொன் ட்ரொம்ப்ளோவுக்கு, 1939இல் வந்து சேர்ந்தது.

எங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். பதர்ஸ்ற், ஷெப்பர்ட் சந்திக்குக் கிட்ட ஏர்ள் பேல்ஸ் பூங்காவில் நகரசபையே ஒரு சின்ன ஸ்கீ மலை நடத்துகிறது. சப்வேயும் பஸ்ஸும் போதும். இன்னொன்று: ஒன்ராறியோவில் அடுக்குமாடி லிஃப்றையும் ஸ்கீ லிஃப்றையும் கண்காணிப்பது ஒரே அமைப்பு, ரி.எஸ்.எஸ்.ஏ. எங்கட பழைய லிஃப்றை நினைத்துச் சிரிக்காதையுங்கோ.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தொங்குகிற ஸ்காஃபை ஜக்கெற்றுக்குள் செருகு. தோள்பையை முன்னுக்குக் கொண்டுவா. திரும்பிப் பார்த்து, கதிரை முழங்காலில் முட்டினதும் இரு. நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்து, சட்டத்தை இறக்கு. மேலே ஸ்கீ நுனியைத் தூக்கி இறங்கி, அங்கே நின்று கதைக்காமல் விலகு.

கையெழுத்து வைச்சாச்சு. வீட்டு ஹோலில் இப்ப ஒத்திகை நடக்குது. சில்லு வைச்ச மேசைக் கதிரையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வாறது, அன்றைக்கு எனக்குக் கையெழுத்து வைக்காத அதே அம்மாதான்.