குளிக்கப் போகிறவர் கையில் செல்போன் எதற்கு?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை லீவு. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்த்துச் சேர்த்த காசு கையில் இருந்தால், பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்காவது போய் வரத் தோன்றும். அவினாசி, அன்னூர் தாண்டினால் மேட்டுப்பாளையம். அங்கே நீலகிரி மலை அடிவாரத்தில் பிளாக் தண்டர் நீர்ப் பூங்கா இருக்கிறது. தூரம் பார்க்காதவர்கள் சென்னைக்கே போகலாம். திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறந்தாயிற்று.

எந்தப் பூங்காவுக்குப் போனாலும் தண்ணீரில் இறங்கும் முன் ஒரு கேள்வி வரும்.

"ஏனுங்க, இந்தப் போனை எங்க வெக்கிறது?"

இது சின்ன விஷயம் அல்ல. டிக்கெட், சாப்பாட்டுக் காசு எல்லாமே செல்போனுக்குள் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. பல குடும்பத்தில் நல்ல போன் ஒன்றுதான். அதுவும் அப்பாவிடம் இருக்கும். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பிள்ளைகள் சறுக்கில்! பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டால் அம்மா யாரைத் தேடி ஓடுவாள்?

பட்டையா? போனா?

இதே கேள்வி வெளிநாட்டிலும் வந்தது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் 2013-ல் 'மேஜிக் பேண்ட்' என்ற கைப்பட்டை வந்தது. ஓட்டல் அறைக் கதவைத் திறக்க, பூங்காவுக்குள் நுழைய, கடையில் பொருள் வாங்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பட்டை போதும். டிஸ்னி ஓட்டல்களில் தங்கியவர்களுக்கு இனாமாகவே கொடுத்தார்கள். 2021-ல் அந்த இனாம் நின்றது. அதே ஆண்டு, பட்டையின் வேலையைச் செல்போனே செய்ய வழி செய்தார்கள்.

காரணம் தெரியாததா? போன் வாங்கியவர் விருந்தாளி. சார்ஜ் போடுபவரும் அவரே. கம்பெனிக்குப் பட்டைச் செலவு மிச்சம்!

ஆனால் தண்ணீர்ப் பூங்காவில் அந்தக் கணக்கு செல்லாது. அதே புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில், யுனிவர்சல் கம்பெனி 2017-ல் 'வல்கனோ பே' நீர்ப் பூங்காவைத் திறந்தது. வந்தவர்கள் கையில் எல்லாம் 'டாப்பு டாப்பு' என்ற தண்ணீர் புகாத பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். சறுக்கின் அருகே பட்டையைத் தொட்டால் வரிசையில் இடம் பதிவாகும். ஜாலியாகக் குளித்துக்கொண்டே இருக்கலாம். முறை வந்ததும் பட்டையே கூப்பிடும். வீட்டுக்குக் கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மாயம் இல்லை, மந்திரம் இல்லை

மலிவான பட்டைக்கு பேட்டரிகூட வேண்டாம். உள்ளே பொடிசான ஒரு சில்லும், மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். வாசலில் உள்ள கருவி அனுப்பும் ரேடியோ அலையே அதற்கு உயிர் கொடுக்கும். உடனே தன் நம்பரைச் சொல்லும். டோல்கேட்டில் காரின் கண்ணாடியில் இருக்கும் பாஸ்டேக் வேலை செய்வதும் இப்படித்தான்.

படிப்பு வேண்டாம், பாஷை வேண்டாம். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்தவருக்கும் கையை நீட்டத் தெரியும். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால், பிள்ளையின் பட்டை நம்பரை வைத்துப் பெற்றவரைக் கண்டுபிடிக்கவும் முடியும்.

அப்படியானால் 'ஆப்' வேண்டவே வேண்டாமா? வேண்டும். முன்கூட்டியே டிக்கெட் எடுக்க, வழி பார்க்க, கூட்டம் எப்படி என்று தெரிந்துகொள்ள அதைவிட வசதி இல்லை. வாசலுக்கு வெளியே போன், வாசலுக்கு உள்ளே பட்டை. இதுதான் நியாயம்.

பட்டையிலும் வில்லங்கம் உண்டு!

பட்டையில் ஆயிரம் ரூபாய் ஏற்றி அறுநூறு செலவானால், மீதி நானூறை அன்றே கையில் கொடுக்க வேண்டும். "அடுத்த தடவை வரும்போது கழிச்சுக்கலாம்" என்ற பேச்சு கூடாது. அது தொழிலாளியின் வியர்வைக் காசு. பட்டைக்கு டெபாசிட் வாங்கினால், அதையும் கேட்காமலே திருப்பித் தர வேண்டும். பட்டை தொலைந்தால் கவுண்டரில் சொன்ன உடனே அதை முடக்க வேண்டும்.

இன்னொன்று, பட்டைக்குள் நம்பர் மட்டும் போதும். யார் எங்கே நின்றார், என்ன தின்றார் என்று சேர்த்து வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. தனிநபர் தகவல்களைக் காக்க 2023-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது. பிள்ளைகளின் விவரம் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

"நாள்தோறும் பட்டை கொடுத்தால் குப்பைதானே சேரும்?" என்று கேட்கலாம். திருப்பி வாங்கிக் கழுவி மறுபடி கட்டினால் குப்பை ஏது? பிளாஸ்டிக்கில்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. வெளிநாட்டு இசை விழாக்களில் நெய்த நாடாவில் சில்லு வைத்துக் கையில் கட்டுகிறார்கள். பனியன் கழுத்தில் தைக்கும் நெய்த லேபிளும், ஜட்டி இடுப்பில் ஓடும் எலாஸ்டிக்கும் திருப்பூரிலேயே தயாராகின்றன. ஊர் உலகத்துக்கே உடுத்திவிடும் திருப்பூருக்கு ஒரு கைப்பட்டை நெய்வது பெரிய காரியமா? பூங்கா முதலாளிகள் ஆர்டர் கொடுத்துப் பார்க்கட்டும்!