அலமாரி அப்புறம், அச்சு முதலில்

பழைய வேனை வாங்கி வீடாக மாற்றப் புறப்படுகிறவர்கள் முதலில் பேசுவது அலமாரியைப் பற்றி. அடுத்தது மெத்தை, திரைச்சீலை, சுவரில் ஒட்டப்போகும் பலகையின் நிறம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறவர்கள் அபூர்வம். 2020இன் பெருந்தொற்றுக்குப் பிறகு நகரத்து நடுத்தரக் குடும்பங்களைப் பிடித்துக்கொண்ட ஆசைகளில் இது ஒன்று. ஓட்டல் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்பிதிக்கோ லடாக்குக்கோ போய், மனித நடமாட்டமில்லாத இடத்தில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரவேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெக்கானிக்கும் இருக்கமாட்டார், டாக்டரும் இருக்கமாட்டார்.

மோட்டார்ஹோம் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று மொழிபெயர்ப்பு மேஜையில் ஒரு முறை விவாதம் நடந்தது. 'நடமாடும் இல்லம்' என்றார் ஒருவர். நடமாடும் நூலகம், நடமாடும் கழிப்பறை வரிசையில் அரசாங்கத் திட்டம் போலத் தொனிக்கிறது. எனக்கென்னவோ நம் பழைய கூண்டு வண்டி போதும் என்று தோன்றுகிறது. வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்றோடு குடும்பமே ஏறித் திருவிழாவுக்குப் போன வண்டி. அதிலும் வண்டிக்காரர் முதலில் பார்த்தது அச்சையும் கடையாணியையும்தான்.

இந்தியாவில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் அகப்படுவது டெம்போ டிராவலர். 1987இல் பஜாஜ் டெம்போ கொண்டுவந்த வண்டி; 2005இல் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நிமிர்ந்து நிற்கலாம், உதிரி பாகம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் கிடைக்கும், ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர் தாபாவுக்குப் பக்கத்திலேயே இருப்பார். தில்லியிலிருந்து இவை மலிவாக வெளியேறியதற்கு ஒரு காரணம் உண்டு. 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தலைநகர வட்டாரத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை போட்டது; 2018இல் உச்சநீதிமன்றமும் அதை ஆதரித்தது. விதியின் பிடி பிறகு இறுகியும் தளர்ந்தும் வந்திருக்கிறது. ஆனால் மலிவு விலையைக் கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள் தடையில்லாச் சான்று, சொந்த மாநிலத்தில் மறுபதிவு, சாலை வரி மூன்றையும் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டினால் சிரிப்பு பாதி குறையும்.

டிராவலரில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இழுவை. நான்கு சக்கர இழுவை என்பதைத் தனியாகப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அந்தப் பணத்தில் பாதியை டயரிலும் ஸ்பிரிங்கிலும் போடுவது புத்திசாலித்தனம். சேஸிஸில் துரு இருக்கிறதா, வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா, ஆக்ஸில் பக்கம் எண்ணெய் கசிகிறதா என்பதையெல்லாம் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபிறகுதான் முன்பணம். பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் நீளமாகத் தொங்குவது இந்த வகை வேன்களின் பலவீனம். ஓடையில் இறங்கி ஏறும்போது வால் கல்லில் இடிக்கும். பின்பக்கம் ஏணி, ஸ்டெப்னி, தண்ணீர்த் தொட்டி என்று மாட்டிக்கொண்டே போனால் வால் இன்னும் தாழும். அகலம் குறைவான பளபள டயரைக் கழற்றிவிட்டு, பக்கச்சுவர் கனமான லாரி ரக டயர் போடுங்கள். ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு. காற்றடிக்கும் சிறிய கம்ப்ரெஸர், மண்வெட்டி, இழுவைக் கயிறு, சக்கரத்துக்கு அடியில் செருகும் பலகைகள். ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்க அடியில் வைக்க ஒரு கனத்த மரக்கட்டை. இந்தக் கடைசிப் பொருளுக்கு எந்த விலையும் இல்லை என்பதாலேயே யாரும் எடுத்துப் போவதில்லை.

எடைதான் அடுத்த வில்லன். பதினைந்து பேர் உட்காரும் வண்டியில் நான்கு பேர்தானே போகிறோம் என்று நினைப்பு. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் சமையலறை, பின்னால் 100 லிட்டர் தண்ணீர் (அதாவது 100 கிலோ), கூரையில் இரும்புச் சட்டம், அதன்மேல் கூடாரம் என்று போனால் பதினைந்து பேரும் சத்தமில்லாமல் மறுபடியும் ஏறிவிடுகிறார்கள். அதிலும் கூரையில் ஏறுகிற எடை வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும். எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். முன் ஆக்ஸில் தனியாக, பின் ஆக்ஸில் தனியாக எடை போட்டு, ஆர்.சி.யில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் இரண்டு ஆக்ஸில்களுக்கும் நடுவில், தரை மட்டத்தில் இருப்பது நல்லது.

மின்சாரத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு என்றாலும். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 400 வாட்-மணி தின்னும் என்று வையுங்கள். மின்விசிறி, விளக்குகள், தண்ணீர் மோட்டார், ஃபோன் எல்லாம் சேர்த்து இன்னும் 350. மொத்தம் 750. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி உண்டு. ஆனால் பாதிக்குமேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக 900. ஒரு நாள் தாண்டும், இரண்டாவது நாள் தாண்டாது. எடையோ 50 கிலோவுக்கு மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 100 ஆம்பியர்-மணி வாங்கினாலே 1,000 வாட்-மணிக்குக் குறையாமல் எடுக்கலாம். எடை அதில் கால்வாசி. விலை அதிகம்தான், இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளுக்குள் கெட்டுவிடும். ஸ்பிதியின் செப்டம்பர் கடைசி விடியற்காலையில் இது நிஜமான சங்கதி. பேட்டரியை வண்டிக்கு வெளியே தொங்கவிடாமல் உள்ளே, படுக்கைக்கு அடியில் வையுங்கள். குளிரில் சார்ஜை நிறுத்திவிடும் பாதுகாப்பு அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கூரையில் 400 வாட் சூரியத் தகடு இருந்தால் வெயிலான நாளில் 1,200 வாட்-மணிக்குப் பக்கத்தில் தரும். மழை நாளில் சொற்பம். ஆகவே வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்தும் சார்ஜ் ஆகவேண்டும். அதற்கு நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று. நேரடியாக ஒயரை இழுத்து முறுக்கிவிடும் எலெக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு போட ஆசைப்படுகிறவர்களுக்கு: 12 வோல்ட்டில் அது 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு ஓட்டத்துக்கு விரல் கனத்தில் செம்பு ஒயர் வேண்டும். பேட்டரியின் பக்கத்திலேயே ஃப்யூஸ் வேண்டும். மெல்லிய ஒயர் சூடாகும், பலகைச் சுவருக்குப் பின்னால் ஓடும் ஒயர் சூடாவது யாருக்கும் தெரியாது.

சரி, காஸ் அடுப்பு வைத்துக்கொள்கிறேன் என்றால், மதுரையை நினைத்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து வந்த யாத்ரிகர்கள் விதியை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் இறந்தார்கள். நிறுத்தப்பட்டிருந்த பெட்டி அது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் இருக்கும் பெட்டி படுக்கும் அறையிலிருந்து அடைபட்டிருக்க வேண்டும், அதன் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும். 5 கிலோ சிலிண்டர் போதும். படுத்திருப்பவர்கள் அடுப்பைத் தாண்டாமல் வெளியேற இரண்டாவது வழி ஒன்று வேண்டும். பின்கதவை அலமாரியால் அடைத்துவிட்ட வேன்களைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

நெருப்பைவிட எனக்கு அதிக பயம் தருவது நெருப்பில்லாமல் கொல்வது. குளிருக்காக இரவில் அடுப்பை எரியவிட்டோ, அங்கீட்டியில் கரி போட்டோ கண்ணாடிகளை மூடிக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாத செய்தி வட இந்தியப் பத்திரிகைகளில் குளிர்காலம் தவறாமல் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், சோர்வு என்றுதான் ஆரம்பிக்கும். உயரத்தால் வரும் மலை நோயும் அப்படியேதான் ஆரம்பிக்கும். 4,250 மீட்டர் உயரத்தில் குழந்தை தலை வலிக்கிறது என்று அழுதால் எது என்று எந்த அப்பாவுக்கும் தெரியப்போவதில்லை. கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவருவது முதல் வேலை; வெளிக்காற்றிலும் சரியாகாவிட்டால் கீழே இறங்குவது இரண்டாவது வேலை. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கித் தலைமாட்டில் மாட்டுவதற்கு ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒரு வேளை நல்ல ஓட்டலில் சாப்பிடுவதற்கு ஆவதுதான். வண்டிக்கு வெளியிலிருந்து காற்றை எடுத்துப் புகையையும் வெளியே தள்ளும் டீசல் ஹீட்டரைப் பொருத்தலாம். அப்படிப் பொருத்தினாலும் அலாரம் வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. ஓடுகிற வண்டியில் பின்கட்டிலில் அவர்களைத் தூங்க வைத்துவிட்டு முன்னால் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவதுதான் இந்த வேன்களின் விளம்பரப் படம். ஒரு பிரேக் போதும். எத்தனை பேர் பயணமோ அத்தனை சீட். தரைக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்ட சீட், மூன்று முனை பெல்ட்டோடு. கட்டில் நின்ற வண்டிக்கு மட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக, தயாரிப்பாளர் வடிவமைத்ததை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. இதற்கு அர்த்தம் வேன் வீடாகவே கூடாது என்பதல்ல. தனிப்பட்ட உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்ற வகை அரசின் பட்டியலில் இருக்கிறது. கேரவன் கட்டுவதற்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் உண்டு, அதன்படி ஒப்புதல் பெற்ற நிறுவனங்களும் உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே பேசி, மஞ்சள் போர்டு வண்டியானால் மாற்றி, புதிய ஆர்.சி.யில் சீட் எண்ணிக்கை பதிவாகி, அதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். 'அதெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள் சார்' என்று பட்டறைக்காரர் சொல்வார். விபத்து நடந்த மறுநாள் இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்பார்.

எல்லாம் முடிந்து கிளம்புகிறீர்கள். மணாலியிலிருந்து ஒரே நாளில் சந்திரதாலுக்குப் போகலாம், வண்டிக்கு முடியும். 2,050 மீட்டரில் காலைக் காப்பி, 4,250 மீட்டரில் ராத்தூக்கம். அங்கே ஒரு மூச்சில் கிடைப்பது கடல்மட்டத்து ஆக்ஸிஜனில் சுமார் 60 சதவீதம். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. பிள்ளைகள் இருந்தால் சிம்லா, கின்னௌர் வழியாகச் சுற்றிக்கொண்டு காஜா போய், இரண்டு நாள் இருந்துவிட்டு குன்ஸம் கணவாய் வழியே வருவதே சரி. டீசலைக் காஜாவில் நிரப்பிக்கொள்ளலாம். பிரஷர் குக்கர் இல்லாமல் போகாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், சாதம் வேகாது. ராத்திரி குழாயில் தங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், உறைந்தால் குழாய் வெடிக்கும்.

சாலையைக் குறுக்கே கடக்கும் நாலாக்களை காலையிலேயே தாண்டிவிடவேண்டும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானத்தில் முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வரும். தாண்ட முடியாது என்று தோன்றினால் அந்தப் பக்கமே ராத்திரி நிறுத்துங்கள். வண்டிதான் வீடாயிற்றே.

சந்திரதால் 2005இலிருந்து ராம்சர் ஈரநிலம். கரையில் தங்க அனுமதி கிடையாது. கூடாரங்கள் சில கிலோமீட்டர் தள்ளித்தான். கழிப்பறைத் தொட்டியை அங்கே எங்கும் கவிழ்க்காமல் கீழே கொண்டுவர வேண்டும். ஏரிக்குப் போகும் கடைசித் தூரத்துக்கு வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். மெதுவாக. பிள்ளைகள் ஓடினால் பிடித்து நிறுத்துங்கள்.