அமைதிக்கு வித்திட்டோரை மறத்தல் முறையோ?

வரலாற்று ஏடுகளைப் புரட்டினால் வாளேந்தியவர்களின் பெயர்களே மிகுதியாகத் தென்படுகின்றன. எந்தப் போர் எந்த ஆண்டில் நிகழ்ந்தது, வென்றவர் யார், தோற்றவர் யார் என்பவற்றை மாணவர்கள் மனப்பாடமாகக் கூறுவர். ஆனால், நாடுகளுக்கிடையே போரே வேண்டா என்று தொடக்கக் காலத்தில் குரல் கொடுத்தோர் யாவர் என வினவினால் விடை கிடைப்பதில்லை. இது பெருங்குறையாகும்.

1843இல் பிராகு நகரில் படைத்தலைவர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் பெர்த்தா வான் சுட்னர். 1889இல் அவர் எழுதிய 'ஆயுதங்களைக் கீழே வையுங்கள்' என்னும் புதினம், போர்களால் வாழ்விழந்த பெண்ணொருத்தியின் துயரத்தை எடுத்துரைத்தது. 1891இல் ஆஸ்திரிய அமைதிக் கழகத்தை அவர் நிறுவினார். ஏளனங்களுக்கு அஞ்சாது உழைத்த அவருக்கு 1905இல் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பெற்றது. அப்பரிசினைப் பெற்ற முதற்பெண்மணி அவரே.

தச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய ஆங்கிலேயர் வில்லியம் ராண்டல் கிரீமர், பிரெஞ்சு அறிஞர் பிரெடெரிக் பாசியுடன் இணைந்து, 1889இல் பல நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒன்றுகூட்டும் ஒன்றியத்தைத் தோற்றுவித்தார். 1903இல் நோபல் பரிசு பெற்ற அவர், அத்தொகையின் பெரும்பகுதியை அமைதிப் பணிக்கே ஈந்தார்.

1914 ஜூன் 21இல் சுட்னர் மறைந்தார். ஏழே நாள்களில் சரயேவோவில் துப்பாக்கி வெடித்தது. ஜூலை 28இல் உலகப் போர் மூண்டது. "இவர்கள் பேசியதால் விளைந்த பயன் யாது?" என்று கேட்போர் உளர். தீப்பற்றும் என முன்னரே எச்சரித்தவனை, வீடு எரிந்த பின்னர் பழித்தல் அறமாகுமா? செவிமடுக்காதோரின் குற்றத்தைச் சொன்னவர் தலையில் சுமத்தலாமா?

அவர்தம் உழைப்பு வீண்போகவும் இல்லை. கிரீமரும் பாசியும் கண்ட ஒன்றியம் இன்றும் இயங்குகிறது. நாடுகளின் பிணக்குகளைப் பேசித் தீர்க்க 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் உருவான நடுவர் மன்றமும் நிலைத்து நிற்கிறது.

போர்களை மட்டுமே கற்கும் இளைஞன், போரொன்றே வழியென எண்ணிவிடுவான். ஆகவே, 1914 ஜூலை 28ஐக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் ஜூன் 21ஐயும் கற்பித்தல் வேண்டும். வென்றவரை மட்டுமன்றி, வேண்டா என்று தடுக்க முனைந்தவரையும் போற்றும் சமுதாயமே நாகரிகச் சமுதாயமாகும்.