புற்றுக்குப் பால், பாம்புக்குத் தடி

அண்மைக்காலமாக நமது இலக்கிய வெளியில் பாம்புகள் பெருகிவிட்டன. எங்கள் பார்வைக்கு வரும் கவிதைகள் பலவற்றில் ஒரு பாம்பு நெளிகிறது. அது காமமாகிறது, காலமாகிறது, நனவிலியாகிறது, மூலாதாரத்தில் சுருண்டு கிடந்து எழும் சக்தியாகிறது. பாம்பாக மட்டும் அது ஒருபோதும் இருப்பதில்லை. எலி தின்பதில்லை, சட்டையுரிக்கும் நாட்களில் கண் மங்கிக் கிடப்பதில்லை, எவரையும் கடிப்பதுமில்லை. போதாக்குறைக்கு, 'பாம்போடு நமக்குள்ள ஆன்மிக உறவு' என்றொரு சொற்றொடர் கட்டுரைகளிலும் மேடைகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. யாருடைய உறவு அது, அந்த உறவில் பாம்புக்கு என்ன பங்கு என்பதை நாம் கேட்டாகவேண்டியிருக்கிறது. இக்கேள்வி எங்களுக்குள் எழுந்தது ஒரு நூலிலிருந்தன்று. கூட்டேரிப்பட்டுக்கு அருகே ஓர் ஊரில் நாங்கள் கண்ட காட்சியிலிருந்து.

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இடையே வருவது கூட்டேரிப்பட்டு. அங்கிருந்து கிழக்கே பிரிந்தால் சில கிலோமீட்டரில் மயிலம். சூரபதுமன் மயில்வடிவ மலையாகத் தவமிருந்து முருகனுக்கு வாகனமானான் என்பது அத்தலத்தின் ஐதீகம். பகைவனைக் கொன்றொழிக்காமல் ஊர்தியாக்கிக்கொண்ட கதை அது. முருகனின் மயிலைச் செதுக்கும் சிற்பிகள் அதன் அலகிலோ காலடியிலோ ஒரு பாம்பையும் சேர்த்துச் செதுக்குவதுண்டு. அந்தப் பாம்பும் சாவதில்லை. பிடிபட்டு, படமெடுத்து, உயிரோடு நிற்கிறது.

அந்த வட்டாரத்து ஊரொன்றில் ஓர் ஆடி வெள்ளியன்று நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். வேம்படியில் ஒரு புற்று. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புச் சேலை சுற்றியிருந்தார்கள். மேலே தகரக் கொட்டகை. கீழே புற்றின் கழுத்துவரை சிமெண்டுத் தளம். முன்னால் பூட்டிய உண்டியல். காலையிலிருந்து பெண்கள் வரிசையில் நின்று பாலும் முட்டையும் இட்டுக்கொண்டிருந்தார்கள். நண்பகலில் நூறடி தள்ளியிருந்த வைக்கோற்போரிலிருந்து பாம்பொன்று வெளிப்பட்டது. அதே கூட்டத்தின் ஆண்கள் தடியெடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

அதற்குப்பின் நிகழ்ந்ததே எங்களை உலுக்கியது. அடித்தவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. நாகம்மா பழி வாங்குவாள் என்று யாரோ சொன்னார்கள். புற்றுக்கு வைத்திருந்த பாலில் மிச்சத்தைக் கொண்டுவந்து செத்த பாம்பின்மேல் ஊற்றினார்கள், காசு வைத்தார்கள், விறகடுக்கி எரிக்க ஆயத்தமானார்கள். வயலில் எலி பிடித்துவிட்டு அவ்வழியே வந்த இருளர் பெரியவர் ஒருவர் குச்சியால் அதைப் புரட்டிப் பார்த்தார். "இது சாரை, சாமி. எலிக்கு வந்திருக்கும். ஒரு குரல் குடுத்திருந்தா புடிச்சி அந்தாண்ட வுட்டிருப்பேனே" என்றார். நஞ்சில்லாத, உழவனுக்கு உதவியான ஒரு சாரைக்கு நாகத்தின் ஈமச்சடங்கு நடந்துகொண்டிருந்தது. அவருக்கு எவரும் பதில் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. ஏரிக்கரைக்கு அப்பாலிருந்த தம் குடிசையை நோக்கி அவர் நடந்துபோனார்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசன். இலக்கணம் பயின்ற எவரும் அறிந்த பட்டியல்தான். அன்று அந்த வேம்படியில் நான்கும் ஒருசேர நின்றிருந்ததை எண்ணிப்பாருங்கள். புற்றிலிருப்பதாக நம்பப்பட்டது அணங்கு. வைக்கோற்போரிலிருந்து வந்தது விலங்கு. நடந்துபோன பெரியவரோ, ஊரில் ஒரு பூட்டு உடைந்தால் முதலில் சந்தேகிக்கப்படும் இனத்தைச் சேர்ந்தவர். ஊர் அவரைக் கள்வரென்று பார்க்கிறது. அவருடைய அச்சமோ நான்காவது: காக்கிச்சட்டை. முதல் அச்சத்துக்குப் பாலூற்றுகிறோம். இரண்டாவதைத் தடியால் அடிக்கிறோம். மூன்றாவதாக நாமே கற்பித்துக்கொண்டவரை ஏரிக்கு அப்பால் வைக்கிறோம். இம்மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு அதற்கு 'ஆன்மிக உறவு' என்று பெயரும் சூட்டுகிறோம்.

பால் என்ற படையலையே எடுத்துக்கொள்வோம். பாம்பு ஊர்வன. பாலூட்டியின் பால் அதன் உணவன்று. அதைச் செரிக்கும் உடலமைப்பும் அதற்கில்லை. நாட்கணக்கில் நீரின்றிக் கூடைக்குள் அடைபட்ட பாம்பு எதிரில் வைத்த நீர்மத்தை உறிஞ்சுவதைத்தான் பாம்பாட்டிகளின் வித்தையில் பால் குடிப்பதாகப் பார்த்து வந்தோம். புற்றும் பாம்பு கட்டியதன்று. கரையான் கட்டியது. மண்ணுக்குள் குளிர்ச்சியும் ஈரமும் காக்கும் அந்த வீட்டில் பாம்பு வந்தேறுகிறது. அதன் வாயில் பாலை ஊற்றி, முட்டையை உடைத்து, சுற்றிலும் சிமெண்டு பூசினால் அந்த வீடு பாழாகும். கடவுளுக்குக் கட்டடம் எழுப்பி அதன் குடியை வெளியேற்றுகிறோம். வெளியேறியது வைக்கோற்போருக்கு வந்தால் அடிக்கிறோம்.

இதைச் சொன்னவுடன் 'பகுத்தறிவு பேசுகிறார்கள், தொன்மத்தின் ஆழம் தெரியாதவர்கள்' என்ற கணை பாயும் என்பதை அறிவோம். பிள்ளையில்லாத பெண் அரசும் வேம்பும் பின்னிய மேடையில் நாகக்கல்லைச் சுற்றிவரும்போது அவள் கண்ணிலிருப்பதை எள்ளி நகையாட எங்களுக்கு உரிமையில்லை. அதைச் செய்யவும் மாட்டோம். ஒன்றைக் கூடுதலாகவே ஒப்புக்கொள்கிறோம். பழைய அச்சத்துக்கு ஓர் ஒழுக்கம் இருந்தது. கேரளத்துச் சர்ப்பக்காவுகளிலும் நம் கோயில்காடுகளிலும் வெட்டக்கூடாது, தோண்டக்கூடாது, பொழுது சாய்ந்தபின் போகக்கூடாது என்ற விலக்குகள் இருந்தன. அச்சம் அங்கே மனிதனை விலகி நிற்கச் செய்தது. பாம்புக்கு இடம் மிச்சமாயிற்று. இரவில் பாம்பென்று சொல்லாமல் 'பூச்சி' என்று சொன்ன பாட்டியின் நாவிலும் அந்த விலகல் இருந்தது. கொடிய நஞ்சுள்ள ஒன்றை 'நல்ல பாம்பு' என்று அழைத்ததிலும் அச்சமும் மரியாதையும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. இன்றைய தகரக் கொட்டகைப் பக்தி அந்த விலக்குகளையெல்லாம் கைவிட்டுவிட்டு வேண்டுதலை மட்டும் வைத்துக்கொண்டது. எங்கள் சண்டை அதனோடுதான்.

இலக்கியவாதிகள் இதிலிருந்து தப்பித்துக்கொள்ள வேண்டாம். பாம்பாட்டிச் சித்தர் பாம்பை முன்னிலைப்படுத்திப் பாடினார். உரையாசிரியர்கள் அதைக் குண்டலினி என்று விளக்கினார்கள். விளக்கம் தவறென்று நாங்கள் வாதிட வரவில்லை. ஆனால் பாம்பாட்டி என்பது ஒரு தொழிலின் பெயர், பாம்பைக் கையிலெடுத்த மனிதர்களின் பெயர் என்பதை அந்த விளக்கத்தின் வெளிச்சத்தில் நாம் மறந்துபோனோம். குறியீட்டை வைத்துக்கொண்டோம், கையை மறந்தோம்.

அந்தக் கை யாருடையது? வடதமிழகத்துச் சமவெளி இருளருடையது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருளர் ஏறத்தாழ 1,90,000 பேர். எல்லா இருளரும் பாம்பு பிடிப்பவர்களல்லர். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து இருளர்களில் பெரும்பாலோர் செங்கற்சூளையிலும் மரம் வெட்டுவதிலும் அரிசி ஆலையிலும் வயலில் எலி பிடிப்பதிலும் வாழ்பவர்கள். செங்கற்பட்டுப் பக்கத்தில்தான் பாம்பு பிடிப்பது பெருந்தொழிலாக இருந்தது. அவர்களைப் புனிதர்களாக்கவும் நாங்கள் விரும்பவில்லை. தோல் வணிகம் கொழித்த காலத்தில் அவர்கள் கையால் கணக்கற்ற பாம்புகள் மடிந்தன. அந்தத் தோல் எங்கோ சீமாட்டிகளின் கைப்பையாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. தொழில் போயிற்று, மாற்று ஏதும் தரப்படவில்லை.

அந்நிலையில்தான், ரோமுலஸ் விட்டேகரின் முன்முயற்சியில், 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, பானையில் வைத்துத் துணியால் வாய்கட்டி, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுக்கிறார்கள். அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். ஆண்டுக்கு எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறை வரையறுக்கிறது. அந்த நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்ததே பாம்புக்கடிக்கு இன்று நம்மிடமுள்ள மருந்து. இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக இவர்கள் கைவழியே வருகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதற்குமுன் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா வரை சென்று மலைப்பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆன்மிகம் என்ற சொல்லை எங்கேனும் வைத்தாகவேண்டுமென்றால் இங்கே வைக்கலாம் என்பது எங்கள் துணிபு. வளையின் வாயில் மண் வழவழத்திருப்பதைக் கண்டு உள்ளே இருப்பதை ஊகிக்கும் அறிவு. கையிலிருப்பது கொல்லும் என்று தெரிந்தும் நடுங்காத, தெரிந்ததனாலேயே விளையாட்டுக் காட்டாத அடக்கம். வேண்டியதை எடுத்தபின் திருப்பி விட்டுவிடும் நேர்மை. இருளர் வழிபடும் கன்னியம்மா நாகத்தோடு தொடர்புடைய தெய்வம். மாசிமகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடி, மணலில் கூடாரமிட்டு இரவெல்லாம் தங்கி, விடியலில் அவளை வணங்குகிறார்கள். அங்கேயே திருமணங்களும் நடக்கின்றன. தங்கள் தெய்வத்துக்கு அணுக்கமான உயிரையே அவர்கள் அன்றாடம் கையாள்கிறார்கள். அச்சம் அவர்களிடம் ஒழிந்துவிடவில்லை. எதற்கு எவ்வளவு அஞ்சவேண்டும் என்ற அளவு தெரிந்திருக்கிறது. நமக்கோ சாரைக்கும் நாகத்துக்கும் வேறுபாடு தெரியாது.

இது வெறும் அழகியல் விவாதமாக இருந்திருந்தால் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டோம். 2000 முதல் 2019 வரையிலான இருபதாண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் சிற்றூர்க்காரர்கள், மழைக்காலத்தில் செருப்பில்லாத காலோடு வரப்பில் நடந்தவர்கள், தரையில் படுத்துறங்கியவர்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முன்வரிசையில் சேர்த்தது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. கடிபட்டவரை மந்திரிக்கத் தூக்கிச் சென்று இழக்கும் ஒவ்வொரு மணியும் உயிரின் விலை. நமது கவிதைப் பாம்பு இவர்களில் ஒருவரையும் அறியாது.

பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்ட அதே 1976இல்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகளாகச் சூளைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்படும் செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன. சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பள்ளியோடு படிப்பு நின்ற பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இச்சான்றிதழுக்காகவும் பொய்வழக்குகளுக்கு எதிராகவும் பல்லாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். இலக்கியக் கூட்டம் முடிந்து நாம் பேருந்தில் கடந்துபோகும் ஊர்தான் அது. நம்மில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்தோம்?

பாம்போடு உறவு கொண்டாட விரும்புவோரிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. புற்றைச் சுற்றிச் சிமெண்டு பூசாதீர்கள். பாலை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பாம்பைக் கண்டால் தடியை எடுக்காமல் விலகி நின்று, அறிந்தவரை அழையுங்கள். கடிபட்டவரை நேரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நச்சுமுறி மருந்து இருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். பாம்பைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால், எழுதுமுன் அதைக் கையிலெடுத்த ஒருவரோடு அரைநாள் அமர்ந்து பேசுங்கள்.

அந்தச் சாரையை எரித்த இடத்தில் மறுவாரம் இரண்டு செங்கல் நட்டு மஞ்சள் பூசியிருப்பதாக நண்பர் தொலைபேசியில் சொன்னார். அறுவடைக்கு முன் வயலில் எலித்தொல்லை தாங்காமல், ஏரிக்கரைக்கு அப்பால் ஆளனுப்பி அந்தப் பெரியவரை அழைத்துவந்ததாகவும் சொன்னார்.