குற்றம் பிழையான கதை

ஒரு தாயிடம் அவளுடைய இரு புதல்வரையும் காட்டி, இவர்களுள் எவன் சாக வேண்டும் என்று கேட்பதும், உறங்கும் இரட்டைக் குழந்தைகளைக் காட்டி, இவற்றுள் ஆண் எது என்று கேட்பதும் ஒன்றா? ஏறத்தாழ ஒன்றே என்று சாதிக்கிறார்கள் ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரின் அன்பர்கள் பலர். 2024 ஜூன் 16 அன்று வெளியான இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தைப் பற்றித்தான் சொல்கிறோம். ‘ஒரு மகனுக்கு ஒரு மகன்’ என்பது அதன் தலைப்பு. நாமும் அத்தொடரின் அன்பர்களே. ஆதலால்தான் மனம் ஆறவில்லை.

தொடரைப் பாராதவர்களுக்காகச் சில சொற்கள். டார்கேரியன் அரசகுலத்தின் தாயாதிச் சண்டையே கதை. 2022இல் வந்த முதற்பருவத்தின் முடிவில், ரெய்னிராவின் மகன் லூசெரிஸ், எதிரணி இளவரசன் எய்மண்டின் டிராகனுக்கு இரையாகிறான். ரெய்னிராவின் கணவன் டேமன் பழிவாங்க ஆள் அனுப்புகிறான். அந்தப் பழியே இந்த அத்தியாயத்தின் உச்சம்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’ (2018) நூலில் பழிக்கு இலக்கு தொடக்கத்திலிருந்தே ஒரு பிள்ளைதான். கொலையாளிகள் இருவர்: ஒருவன் முன்னாள் நகரக்காவலன், மற்றவன் எலிபிடிப்பவன். அவர்கள் பாட்டி அலிசண்டின் அறைக்குள் புகுந்து, அவளைக் கட்டிப்போட்டு, அரசி ஹெலேனா தன் மூன்று குழந்தைகளோடு வரும்வரை காத்திருக்கிறார்கள். எந்த மகன் என்று நீயே சொல் என்கிறார்கள். என்னைக் கொல்லுங்கள் என்று அவள் மன்றாடுகிறாள்; பயனில்லை. முடிவில் இரண்டு வயது மேலாரின் பெயரைச் சொல்கிறாள். அறியாப் பருவம் என்பதாலா, மூத்தவன் அரியணைக்கு உரியவன் என்பதாலா? நூல் அறுதியிட்டுச் சொல்லவில்லை. உன் அம்மா உன் சாவை விரும்புகிறாள் என்று அந்தக் குழந்தையின் காதில் ஓதிவிட்டு, ஆறு வயது ஜஹேரிஸின் தலையை வெட்டுகிறார்கள். அவள் சாகக் கொடுத்த பிள்ளை உயிரோடு எஞ்சுகிறது. அதன்பின் அவளால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தொடரில் மேலார் என்றொரு பிள்ளையே இல்லை. டேமன் கொல்லச் சொல்வது எய்மண்டை. அவன் அகப்படாவிட்டால் என்ன செய்வது என்று கூலியாட்கள் கேட்க, டேமனின் முகத்தைக் காட்டிக் காட்சி வெட்டப்படுகிறது. அவன் என்ன சொன்னான் என்பது நமக்குக் கேட்பதில்லை. கொலையாளிகள் அரண்மனையில் வழிதெரியாது திரிகிறார்கள். தற்செயலாக ஹெலேனாவின் அறையை அடைகிறார்கள். காவற்படைத் தலைவன் கிறிஸ்டன் கோலோ அந்நேரம் அலிசண்டின் படுக்கையில் இருக்கிறான். மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரே திசையில் போவதைக் கவனியுங்கள்: ஒருவன் வாய்திறக்கவில்லை, இருவர் வழிதவறினர், ஒருவன் காவலைக் கைவிட்டான். திட்டமிட்ட கொடுமை ஒன்று பலருடைய கவனக்குறைவின் கூட்டுத்தொகையாக இளைத்துவிட்டது. நாயகன் தரப்பை நாம் வெறுத்துவிடக் கூடாதே என்ற கவலை இது. குற்றம் செய்தவனை நேசிக்க வைப்பதற்குக் குற்றத்தையே பிழையாக்குவது எளிய வழி. அரியணைக்காகக் குழந்தையைக் கொல்வோரின் கதையைச் சொல்லப் புகுந்தவர்கள் இதற்கு அஞ்சலாமா?

ஹெலேனா விரலால் சுட்டுகிறாளே, அதுவும் தேர்வுதானே என்பார்கள். இல்லை. குழந்தையின் துணியை விலக்கினாலே தெரிந்துவிடும் விடை அது. அவளைக் கேட்காமலும் அக்கொலை நடந்திருக்கும். நூலில் அவள் விடைசொல்லாமல் அது நடக்காதபடி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். கொடுமையே அதில்தான் இருக்கிறது. வில்லியம் ஸ்டைரன் 1979இல் எழுதிய ‘சோஃபியின் தேர்வு’ நாவலில், தன் இரு பிள்ளைகளுள் ஒன்றைத் தாய் கைவிட நேர்கிறது. சோஃபியிடம், இவர்களுள் பெண் எது என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த நாவலுக்கு அப்பெயர் இருந்திருக்குமா? தொல்காப்பியர் அழுகைக்கு நிலைக்களன்களாக இளிவையும் இழவையும் தனித்தனியே வைத்தார். நூலின் ஹெலேனாவிடம் இரண்டும் உண்டு. தொடர் அவளுக்கு இழவை மட்டும் விட்டுவைத்தது.

மூலநூல் வரலாறுபோல் எழுதப்பட்டது, அதன் சான்றுகளே முரண்படுகின்றன, ஆகவே மாற்ற உரிமையுண்டு என்று வேறொரு சாரார். உரிமையை யார் மறுத்தார்? ரெய்னிரா கடற்கரையில் மகனின் எச்சங்களைத் தேடி அலையும் பகுதி நூலில் இவ்வாறு இல்லை. எனினும் எம்மா டார்சி அந்த அத்தியாயம் முழுவதிலும் ஒரேயொரு வாக்கியம் பேசி நம்மை நடுங்க வைத்தார். அந்த மாற்றத்தை வரவேற்கிறோம். கொலையைக் காட்டாமல் ஒலியால் மட்டும் உணர்த்தியதையும் குறைசொல்ல மாட்டோம். ஃபியா சேபனின் உறைந்த முகம் ஒன்றே போதும். ஆனால் அந்த முகத்தோடு மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வரும் ஹெலேனா, எங்கே போய் நிற்கிறாள்? தாயும் கோலும் கலந்திருக்கும் அறையில். ஒரு குழந்தையின் கழுத்தறுபட்ட நாளில் பார்வையாளரின் பேச்சு பாட்டியின் கட்டிலுக்குத் திரும்பியதென்றால், அந்தத் திருப்பத்தைச் செய்தவர்கள் பார்வையாளர்கள் அல்லர்.

மார்ட்டினே 2024 செப்டம்பரில் தம் இணையப்பக்கத்தில் மேலாரின் நீக்கத்தைக் குறித்து வருந்தி எழுதினார். அப்பதிவு விரைவிலேயே அகற்றப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தையை நடிக்க வைப்பதன் தொல்லையும் செலவுமே நீக்கத்துக்கான காரணங்கள் என்று அதில் கண்டிருந்தது. டிராகன்களைப் பறக்கவிடப் பணமிருந்த இடத்தில் தொட்டிலில் கிடக்கும் ஒரு பிள்ளைக்கு இல்லாமற் போயிற்று. தொடரின் ஹெலேனாவுக்கு எஞ்சியிருப்பவள் மகள் ஜஹேரா. அவளை அணைத்துக்கொண்டு தாய் அழலாம். அந்த முகத்தைப் பார்க்கக் கூசவேண்டிய காரணம் எதுவும் அவளுக்கு இல்லை.